எஞ்சின் பழகுறதுக்குள்ள

பெரிய மார்க்கெட்டில் மீன் விக்கிறவளுக்கு வாய் வேணும். எனக்கு அது இல்லை. கூடைக்குப் பின்னாடி உக்காந்து செதில் உரிக்கிறது, செவுள் எடுக்கிறது, துண்டு போடுறது, அவ்வளவுதான் என் வேலை. கூவி விக்கிறதும் பேரம் பேசுறதும் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரரோட அண்ணன் பெண்டாட்டி. நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன்.

யாராவது என்னைப் பார்த்து விலை கேட்டா நான் குனிஞ்சுக்குவேன். உடனே அக்கா சொல்லும். "இன்னா அவளைக் கேக்கற? கத்தி அவளுது, வாயி என்னுது. என்னைக் கேளு." வாங்க வந்தவங்க சிரிப்பாங்க. பிரெஞ்சு பென்ஷன் வாங்குற கிழவர் ஒருத்தர் ஞாயித்துக்கிழமையில வருவார். அவருக்கு பிரெஞ்சுல பொன்ழூர்னு ஒரு வணக்கம் வச்சு பழைய மீனையும் தள்ளிவிட்டுடும். இப்படியே ரெண்டு பேரும் கிழவி ஆயிட்டோம்.

எங்க போட்டு எஞ்சினும் கிழடுதான். ஏதோ ஒரு வேன்ல ஓடினதை எடுத்து போட்டுல மாட்டினது. என் வீட்டுக்காரர் இருந்த காலத்திலேயே அது பழசு. அவர் போன பிறகு மகன் கைக்கு வந்தது. ஓடும், ஆனா வேகம் கிடையாது. மத்த போட்டுங்க கரைக்கு வந்து, ஏலம் விட்டு, ஐஸ் பெட்டிக்காரங்க எல்லாம் கிளம்பின பிறகுதான் எங்க போட்டு மூக்கு தெரியும். அதுக்கப்புறம் அந்த மீனுக்கு என்ன மரியாதை? மகனோட தொழிலுக்குப் போன ஆளுங்களும் ஒவ்வொருத்தரா வேற போட்டுக்கு மாறிட்டாங்க.

"இந்த எஞ்சினை வேகமாக்கிப் பாக்கறேம்மா. ஆவலைன்னா போட்டை வித்துட்டு குவைத்துக்குப் போயிடறேன்"னு மகன் ஒரு நாள் சாப்பிட்டுக்கினே சொன்னான். எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். நான் குழம்பை ஊத்தினேன். வேற என்ன செய்ய முடியும்?

லாஸ்பேட்டை பக்கம் பட்டறை வச்சிருக்கிற ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கினு வந்தான். காலேஜ் பசங்களோட பைக்கைப் பிரிச்சு வேகமாக்கிக் குடுக்கிற ஆள். வாய் ஓயாது. எஞ்சினைப் போட்டுல இருந்து எடுத்து மணல்ல கட்டை மேல உக்கார வச்சு, ஓலைக் கொட்டாய்க்குள்ள பிரிச்சான். உள்ளே ஒரு நீளமான இரும்புத் தண்டு. அதுல முட்டை முட்டையா மேடு இருக்கும். அதுக்குப் பேர் கேம் ஷாப்ட்டாம். அது சுத்தும்போது அந்த மேடு டாப்பெட்டுன்னு ஒரு குண்டைத் தூக்கிவிடுமாம், அது போய் வால்வைத் திறக்குமாம். மேடு உசரமா இருந்தா எஞ்சின் நல்லா மூச்சு வாங்கும், வேகம் வரும்னு சொன்னான். அதனால தண்டு புதுசு, குண்டு புதுசு, ஸ்பிரிங்கும் முன்னைவிட கெட்டியானது.

நான் டீ கொண்டுபோய்க் குடுக்கும்போது அந்த மேட்டுல எல்லாம் கருப்பா ஒரு பசையைத் தடவிக்கினு இருந்தான்.

"ஆயா, இது மாமியாரு, இது மருமவ" என்றான், தண்டையும் குண்டையும் காட்டி. "ரெண்டும் புதுசு. மொதல் அரை மணி நேரம்தான் முக்கியம். எஞ்சினை நல்லா முறுக்கி வச்சாத்தான் உள்ள எண்ணெய் தெறிச்சு மேல வரும். அந்த எண்ணெயில ரெண்டும் உரசி உரசி வழவழன்னு ஆயிடும். அப்புறம் ஆயுசுக்கும் சண்டை வராது. அதை விட்டுட்டு டுக்கு டுக்குன்னு மெதுவா ஓடவிட்டே, ஒண்ணை ஒண்ணு தின்னுடும்."

"எங்க வூட்டுல அது நடந்து முடிஞ்சிடுச்சு"ன்னு அக்கா சொல்லுச்சு. எல்லாரும் சிரிச்சோம்.

மெக்கானிக் அன்னைக்கு வேற வேலையா போயிட்டான். மறுநாள் காலையில வந்து ஓட்டிக் காட்டறேன்னு சொன்னான். ஆனா மறுநாள் அவன் வர்றதுக்கு முன்னாடியே எங்க ஆளுங்களுக்கு நல்ல நேரம் வந்துடுச்சு.

புது வலையா இருந்தாலும் புது போட்டா இருந்தாலும் எங்க குப்பத்துல பூசை போடாம தண்ணியைத் தொடாது. எஞ்சினும் அப்படித்தான். நல்ல நேரம் முடியறதுக்குள்ள ஒரு தடவை ஓடவிட்டு, ஆரத்தி காட்டி, நிறுத்திடணும். அப்புறம் எப்ப வேணும்னாலும் ஓட்டிக்கலாம். மகன் சொல்லிப் பார்த்தான். "நிறுத்தக் கூடாதாம், மெதுவா உடக் கூடாதாம், மெக்கானிக் வரட்டும்." பஞ்சாயத்துப் பெரியவர் கேக்கலை. "அவன் வர்றதுக்குள்ள எமகண்டம் வந்துடும். உங்கப்பன் கடலுக்குப் போனப்ப மெக்கானிக்கைக் கேட்டா போனான்?" என்றார். நான் தாலி அறுத்தவ. பூசையில தள்ளித்தான் நிக்கணும். கொட்டாய் ஓரமா நின்னேன்.

எஞ்சின் முதல் சுத்துலேயே பிடிச்சுக்கிச்சு. அக்காதான் ஆரத்தித் தட்டை எடுத்துக்கினு போச்சு. எஞ்சின் காத்துல கற்பூரம் அணைஞ்சுது. மறுபடி ஏத்துச்சு, மறுபடி அணைஞ்சுது.

"டேய், சத்தத்தைக் கொறடா! சாமிக்கே காது அடைக்குது"ன்னு அக்கா கத்துச்சு. அந்தக் குரலுக்கு மார்க்கெட்டே அடங்கும். என் மகன் மட்டும் என்ன செய்வான்? குறைச்சான். டுக்கு டுக்குன்னு எஞ்சின் இறங்குச்சு. கற்பூரம் நின்னு எரிஞ்சுது. எல்லாரும் கன்னத்துல போட்டுக்கினோம். பூசணிக்காய் உடைச்சு, சுத்திப் போட்டு, நிதானமா எல்லாம் முடிஞ்ச பிறகு எஞ்சினை நிறுத்தினாங்க.

மெக்கானிக் வந்து நடந்ததைக் கேட்டதும் தலையில கை வச்சுக்கினு மணல்ல உக்காந்துட்டான். பிரிச்சுப் பார்த்தா ஒரு மேடு தேஞ்சு மொழுக்கட்டையா இருந்தது. அடியில இருந்த எண்ணெயை ஒரு தட்டுல பிடிச்சு வெயில்ல காட்டினான். உள்ளே இரும்புத் தூள் பளபளன்னு மினுக்குச்சு. ராத்திரி நான் கை கழுவுற தண்ணியில மீன் செதில் மினுக்குமே, அப்படியே இருந்தது.

அந்தத் தண்டு திரும்ப மெட்ராஸ்ல இருந்து வரவேண்டியிருந்தது. சீசன் பாதி போயிடுச்சு. குப்பத்துல எல்லாரும் அக்காவைத்தான் பேசினாங்க. "ஒரு கத்து கத்தினா எஞ்சினே செத்துடுச்சு"ன்னு கிண்டல். அக்கா மேலுக்கு சிரிச்சுக்கும். ஆனா கூடைக்கு முன்னாடி உக்காந்திருக்கும்போது சத்தம் குறைஞ்சுபோச்சு. ஒரு நாள் சங்கரா மீனைக் கூவிக்கினே இருந்தது, நடுவுல நிறுத்திட்டு என் பக்கம் திரும்புச்சு.

"ஏண்டி, அந்த தண்டு வந்துட்டுதா?"

"வர்ற வாரம்னு சொல்றாங்கக்கா."

"இந்தத் தடவை எவன் வந்து சொன்னாலும் நிறுத்தாதீங்கடி. பெரியவரு சொன்னாலும் கேக்காதீங்க. நானே வந்து சொன்னாலும் நிறுத்தாதீங்க. இன்னா, காதுல வுழுதா?"

"வுழுதுக்கா."

"வுழுந்து இன்னா பண்ண? நீ யாருகிட்ட சொல்லுவே"ன்னு சொல்லிட்டு, திரும்ப சங்கரா சங்கரான்னு கூவ ஆரம்பிச்சிடுச்சு. அதை அது என்கிட்ட மட்டும்தான் சொன்னது.

கொஞ்ச நாள்ல அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அக்கா வீட்டுக்காரர் கூட இருந்தார். நான் மார்க்கெட்டுக்குப் போகாம காலையில கஞ்சியும் சாயங்காலம் ரசம் சோறும் கொண்டுபோவேன். தேறிக்கினு வருது, அனுப்பிடுவாங்கன்னுதான் சொன்னாங்க. அக்காவும் பக்கத்துக் கட்டில்காரியோட சண்டை போட ஆரம்பிச்சிடுச்சு. அதைப் பார்த்து எனக்கு நிம்மதியாச்சு.

ரெண்டாவது தண்டு வந்தது. மெக்கானிக் மறுபடி பசை தடவி எல்லாத்தையும் மாட்டினான். இந்தத் தடவை பூசை கிடையாது, ஓட்டி முடிச்ச பிறகுதான்னு மகன் பெரியவர்கிட்ட கறாரா சொல்லிட்டான். அவரும் முன்னாடி நடந்ததைப் பார்த்தவர், சரின்னுட்டார்.

காலையில வெயில் ஏறுறதுக்குள்ள ஆரம்பிச்சாங்க. கஞ்சி சொம்பைத் துணியில கட்டி கொட்டாய்ல வச்சிருந்தேன், இது முடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறலாம்னு. எஞ்சின் சூடாகாம இருக்க பக்கத்துல ஒரு டிரம்முல தண்ணி. அது குறையாம ஓஸ் குழாயைப் பிடிச்சுக்கினு நிக்கறது என் வேலை. வேகம் கூட்டுற லீவரை மகன் பிடிச்சிருந்தான். மெக்கானிக் சுத்தி சுத்தி வந்து குனிஞ்சு பார்த்துக்கினு இருந்தான்.

எஞ்சின் பிடிச்சதும் மகன் லீவரைத் தள்ளினான். யப்பா, என்னா சத்தம்! கட்டை அதிருது, மணல் அதிருது, என் பல்லு கூட அதிருது. கரையில இருந்த நாய்ங்க எழுந்து ஓடிப்போச்சு. மெக்கானிக் விரலைத் தூக்கிக் காட்டினா மகன் கொஞ்சம் ஏத்துவான், கையைக் கவுத்தா கொஞ்சம் தணிப்பான், ஆனா அடியில இறங்க விடலை. வாயால பேசி ஒருத்தருக்கும் கேக்காது. எனக்கு அது பிடிச்சுத்தான் இருந்தது. அங்க யாரும் என்னைப் பேசச் சொல்ல முடியாது.

பாதி நேரம் கூட ஆகியிருக்காது. பஞ்சாயத்து ஆள் ஒருத்தன் துண்டை ஆட்டிக்கினு மணல்ல ஓடி வந்தான். எங்க குப்பத்துல சாவு விழுந்தா பொணத்தை எடுக்கிற வரைக்கும் யாரும் கடலுக்குப் போகக் கூடாது, எஞ்சின் சத்தமும் கேக்கக் கூடாது. அதுக்குத்தான் துண்டை ஆட்டுறது. கரையில வலை பிரிச்சுக்கினு இருந்தவங்க எழுந்துட்டாங்க. அவன் எங்ககிட்ட வந்து ரெண்டு கையையும் குறுக்கே வச்சுக் காட்டினான், நிறுத்துன்னு.

மகன் தலையை ஆட்டி, அஞ்சு விரலையும் விரிச்சு விரிச்சு மூடிக் காட்டினான். கொஞ்சம் பொறுன்னு. யாரோ கிழம் செத்திருக்கும்னு நினைச்சிருப்பான். நானும் அப்படித்தான் நினைச்சேன். அந்த ஆள் ஏதோ கத்தினான், கேக்கலை. என்னைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்க்காம மணலைப் பார்த்தான். கொட்டாய்க் கழியில மாட்டியிருந்த மகன் சட்டையில போன் அடிச்சுக்கினே இருந்திருக்கு. அது பிறகுதான் தெரிஞ்சுது.

ஆஸ்பத்திரி வண்டி மெதுவா கரை ரோட்டுல வந்தது. முன் சீட்டுல அக்கா வீட்டுக்காரர். துண்டை வாயில வச்சுக்கினு உக்காந்திருந்தார்.

நானும் பார்த்தேன். மகனும் பார்த்தான்.

"நிறுத்தாதேடா!"ன்னு நான் கத்தினேன்.

பிறந்ததுல இருந்து நான் அப்படிக் கத்தினது இல்லை. "உன் பெரிம்மா நிறுத்தக் கூடாதுன்னு சொன்னாங்கடா! அவங்களே வந்தாலும் நிறுத்தாதேன்னாங்கடா!" தொண்டை கிழிய கத்தினேன். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் வாய் திறந்திருக்கிறதைப் பார்த்தான். ஓன்னு அழறேன்னு நினைச்சுக்கினான். அவன் முகமும் கோணுச்சு. லீவரை விட்டுட்டு, செருப்பு கூட போடாம, "பெரிம்மா"ன்னு வண்டிக்குப் பின்னாடி ஓடினான். அவனைத் தூக்கி வளர்த்தது அக்காதான். அவன் ஓடாம எப்படி இருப்பான்?

எஞ்சின் இறங்கி டுக்கு டுக்குன்னு ஓட ஆரம்பிச்சுது.

மெக்கானிக் அந்தப் பக்கம் ஒழுகுற பைப்பைத் துணி வச்சுக் கட்டிக்கினு இருந்தான், அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஓஸ் குழாயைக் கீழே போட்டுட்டு லீவர் மேல கையை வச்சேன். சுடுது. முன்னாடி தள்ளினா ஏறுமா, பின்னாடி இழுத்தா ஏறுமா? இத்தனை நேரம் பார்த்துக்கினு இருந்தேனே, எந்தப் பக்கம்னு மனசுல நிக்கலை. தப்பா தள்ளினா என்ன ஆகும்? கையை அதுமேல வச்சபடியே நின்னேன். எஞ்சின் சத்தம் சின்னதா, ஏதோ பல்லைக் கடிக்கிற மாதிரி கேட்டுது. வண்டி எங்க கொட்டாயைத் தாண்டிப் போய்க்கினு இருந்தது. அக்கா உள்ளே படுத்திருந்தது. அது சொன்ன மாதிரியே வந்துடுச்சு, ஆனா நிறுத்தச் சொல்லவும் இல்லை, நிறுத்தாதேன்னு சொல்லவும் இல்லை.

மெக்கானிக் ஓடி வந்து, "அய்யோ ஆயா, இன்னா பண்ணிட்டீங்க எல்லாரும்"னு சொல்லி லீவரைத் தொடப்போனான். அதுக்குள்ள பஞ்சாயத்து ஆள் அவன் கையைப் பிடிச்சுக்கினான். "செத்தது இந்தம்மாவோட ஓரகத்திய்யா. ஊரு மொத்தமும் பாக்குது. நிறுத்து" என்றான். மெதுவா ஓடினதால இப்ப அவன் பேசினது நல்லா கேட்டுது. மெக்கானிக் என்னைப் பார்த்தான். நான் சொல்லிப் பார்த்தேன். "அக்கா வேணாம்னு..." அதுக்கு மேல அழுகைதான் வந்தது. அவன் எஞ்சினை நிறுத்திட்டான்.

கொட்டாய்ல கஞ்சி சொம்பு அப்படியே இருந்தது. அதை எடுக்கறதா விடறதான்னு தெரியாம கையில எடுத்துக்கினே சாவு வீட்டுக்குப் போனேன்.

அக்காவை வாசல்ல கிடத்தியிருந்தாங்க. மோவாயைச் சேர்த்து வெள்ளைத்துணியால தலையோட கட்டியிருந்தது. எல்லாரும் எனக்கு வழி விட்டாங்க. ஓரகத்தி தலைமாட்டுல உக்காந்து ஒப்பாரி வைக்கணும். இதுக்கு முன்னாடி எத்தனையோ சாவுல அக்கா பாடும், நான் பின்னாடி உக்காந்து மூக்கைச் சிந்துவேன். இப்ப யார் பாடுறது? எல்லாரும் என்னையே பார்த்தாங்க. நான் அந்தத் துணியையே பார்த்துக்கினு இருந்தேன். பாட்டு எங்க இருந்து வந்ததுன்னு தெரியலை.

"கூவி வித்த வாயிக்குக் கட்டு போட்டு வந்தியே
எங்கக்கா...
நானே வந்து சொன்னாலும் நிறுத்தாதேன்னியே
எங்கக்கா...
நீ சொன்ன சொல்லை நான் யாருகிட்ட சொல்லுவேன்
எங்கக்கா...
நிறுத்திப்புட்டு ஓடியாந்தானே நீ வளத்த புள்ள
எங்கக்கா..."

பொம்பளைங்க அழுகையை நிறுத்திட்டு என்னைப் பார்த்தாங்க. பக்கத்துல இருந்த ஒருத்தி, "மெய்யாவா சொல்லுச்சு?"ன்னு காதுல கேட்டா. நான் தலையை ஆட்டினேன், பாடிக்கினே இருந்தேன். வெளியே நாற்காலியில பெரியவர் உக்காந்திருந்தார். அவர் காதுலயும் விழுந்திருக்கு. பந்தல் கம்பைப் பிடிச்சுக்கினு எழுந்து வந்து வாசப்படிகிட்ட நின்னார்.

"இதை நம்ம ஆளுகிட்ட அங்கயே சொல்லியிருந்தா உட்டிருப்பேனேம்மா" என்றார்.

மகன் தூண்ல சாஞ்சு நின்னுக்கினு இருந்தான். நான் பாடினதை முதல்ல இருந்தே கேட்டிருக்கான். என் வாய் அங்க எதுக்குத் திறந்துதுன்னு அவனுக்கு இப்பத்தான் புரிஞ்சுது. என்னையே பார்த்துக்கினு இருந்தான். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கினான். அக்காவுக்கு ஆம்பளைப் பிள்ளை இல்லை. கொள்ளி வைக்க அவன்தான் மொட்டை போடணும். அதுக்குக் கூப்பிட்டாங்க, போனான்.

கருமாதி முடியற வரைக்கும் எஞ்சினை யாரும் தொடலை. உப்புக்காத்துல கட்டை மேல கிடந்தது. நான் ஒரு பழைய புடவையை அது மேல போர்த்தினேன். அதனால ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கும் தெரியும்.

அப்புறம் மெக்கானிக் வந்து மேல் மூடியைக் கழட்டினான். விரலை உள்ளே விட்டு ஒவ்வொரு மேடா தடவினான். அடி எண்ணெயைத் தட்டுல பிடிச்சு வெயில்ல காட்டினான். நாங்க மூணு பேரும் குனிஞ்சோம். ஒரு மினுக்கு தெரிஞ்சுது. அங்க ஒண்ணு. ஓரத்துல ஒண்ணு.

"புதுசுல கொஞ்சம் வரும். அது சகஜம்தான்" என்றான். ஆனா எப்பவும் சிரிக்கிறவன் அன்னைக்கு சிரிக்கலை.

"நிக்குமாண்ணே?"ன்னு மகன் கேட்டான்.

"நிக்கலாம். இல்ல, நடுக்கடல்ல ஒரு நாள் தின்னு முடிச்சிடலாம். மேல இருந்து பார்த்து சொல்ல முடியாதுப்பா. தண்டை இன்னொரு தடவை மாத்துன்னா மாத்தறேன்."

மகன் எண்ணெய்த் தட்டையே பார்த்துக்கினு இருந்துட்டு, "போட்டுல ஏத்துங்க" என்றான். எனக்கு வேண்டாம்னு சொல்லணும் போல இருந்தது. வேண்டாம்னா அடுத்த வார்த்தை குவைத்து. வேணும்னா அந்த மினுக்கு. நான் போய் டீ போட்டேன்.

இப்ப எங்க போட்டு ஏலத்துக்கு முன்னாடியே வந்துடுது. வேகம் வந்துடுச்சு, அது உண்மை. விட்டுப்போன ஆளுங்கள்ல ஒருத்தன் திரும்பிக்கூட வந்துட்டான். ஆனா எஞ்சின்ல ஒரு டிக் சத்தம் இருக்கு. மகனைக் கேட்டா, "உனக்குத்தாம்மா கேக்குது"ங்கறான். விடியக்காலையில அவன் கிளம்பும்போது நான் கரையில நிப்பேன். போட்டு அலையைத் தாண்டி வேகம் எடுக்கும். அந்த டிக், டிக், டிக் கேட்டுக்கினே போகும். சின்னதாகி, அலைச் சத்தத்துல கரைஞ்சிடும். கேக்காமப் போச்சுன்னா தூரம் போயிட்டதாலயா, நின்னுட்டதாலயான்னு கரையில இருக்கிறவளுக்கு எப்படித் தெரியும்? அவன் திரும்பி வந்தாத்தான் தெரியும்.

மார்க்கெட்டுல அக்கா உக்கார்ற இடத்துல கூடையை வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை அந்தக் கிழவர் வந்து, "எங்கே அந்தம்மா?" என்றார். நான் கத்தியைப் பிடிச்சுக்கினு குனிஞ்சுக்கினேன். அவர் கொஞ்ச நேரம் நின்னு பார்த்துட்டு அடுத்த கூடைக்குப் போயிட்டார். மணி என்னன்னு பக்கத்துல கேட்டேன். போட்டு கரைக்கு வர்ற நேரம்னு சொன்னாங்க.